'ரன்' என்ற ஒரே சொல்லுக்கு இத்தனை பொருளா? எப்படிப் பிடிப்பது?

மலர்விழி:
வணக்கம். வேலை காரணமாகத் தினமும் ஆங்கில மின்னஞ்சல்கள் படிக்கிறேன். பெரிய, கடினமான சொற்கள் என்னைத் தொந்தரவு செய்வதில்லை. அவற்றுக்கு அகராதியில் ஒன்றோ இரண்டோ பொருள்தான் இருக்கும். சின்னச் சொற்கள்தான் படுத்துகின்றன, அதிலும் இந்த 'ரன்'. ஒருவர் 'ரன்னிங் லேட்' என்கிறார். இன்னொருவர் 'ரன் திஸ் பை மீ' என்கிறார். ஒப்பந்தத்தில் 'ரன்ஸ் ஃபார் டூ இயர்ஸ்' என்று இருக்கிறது. யாரும் எங்கும் ஓடுவதாகத் தெரியவில்லை. அகராதியைத் திறந்தால் பொருள்கள் பக்கம் பக்கமாகப் போகின்றன. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி உண்டா?

சொல்லேர்:
மனப்பாடம் வேண்டவே வேண்டாம். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் முதல் பதிப்பு 1928-இல் நிறைவடைந்தபோது, அதில் மிக நீளமான பதிவு 'செட்' என்ற சொல்லுக்குத்தான். பிறகு இணையப் பதிப்புக்காக 'ரன்' பதிவைத் திருத்தி எழுதினார்கள். வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள்கள் தேறின. பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் அந்த ஒரு சொல்லோடு ஏறக்குறைய ஒன்பது மாதம் உட்கார்ந்திருந்தார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள்கூட அந்தப் பட்டியலைப் பார்த்துப் பேசுவதில்லை.

அதில் பெரும்பகுதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. தமிழில் எதெல்லாம் ஓடுகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஆறு, ரத்தம், மோட்டார், கடிகாரம், படம், காலம் எல்லாம் ஓடுகின்றன. 'பிழைப்பு ஓடுகிறது' என்கிறோம், 'எனக்கு ஒன்றுமே ஓடவில்லை' என்கிறோம். காலால் ஓடுவது இதில் சிறு பங்குதான். ஆங்கிலத்திலும் தன் போக்கில் நிற்காமல் போய்க்கொண்டிருக்கும் எதற்கும் 'ரன்' பொருந்தும். உங்கள் ஒப்பந்தம் இரண்டு ஆண்டு 'ரன்' ஆகிறது என்றால், அதுவரை நடப்பில் இருக்கும் என்று பொருள். மூக்கு ஒழுகுவதும் துணியில் சாயம் பரவுவதும்கூட 'ரன்'தான்.

நாம் தடுமாறுவது பிறவினையில். நமக்கு 'ஓடு' வேறு, 'ஓட்டு' வேறு. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே வடிவத்தை வைத்துக்கொள்கிறது. 'தி மெஷின் ரன்ஸ்' என்றால் இயந்திரம் ஓடுகிறது. 'ஷி ரன்ஸ் தி மெஷின்' என்றால் அவள் அதை இயக்குகிறாள். அதனால் 'ரன்'னைக் கண்டதும் அதற்குப் பின்னால் 'எதை?' என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

'ஷி ரன்ஸ் எ கம்பெனி' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வோம்? நிறுவனத்தை நடத்துகிறார் என்போம். அவர்கள் ஓட வைப்பதை நாம் நடக்க வைக்கிறோம்! இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். 'கம்பெனியை ஏதோ ஓட்டிக்கொண்டிருக்கிறேன்' என்று ஒருவர் சொன்னால், அவர் சிரமத்தில் இருக்கிறார் என்று நமக்கு உடனே புரிந்துவிடும். ஆங்கில 'ரன்'னில் அந்தச் சலிப்பு கிடையாது.

அப்புறம் உங்கள் 'ரன்னிங் லேட்'. 'ரன்'னுக்குப் பின்னால் ஒரு நிலையைச் சொல்லும் சொல் வந்தால், 'போ' என்ற நம் துணைவினையை வைத்துப் படித்துப் பாருங்கள். 'ரன் லோ' என்றால் குறைந்துபோவது, 'ரன் ட்ரை' என்றால் வற்றிப்போவது, 'ரன் லேட்' என்றால் தாமதமாகிப்போவது. 'ரன் திஸ் பை மீ' என்றால், முடிவெடுப்பதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், என் கருத்தையும் கேளுங்கள் என்று பொருள்.

நீலவானம்:
சொல்லேர் சொன்னது நன்றாகப் புரிகிறது. ஆனால் 'அவுட்', 'ஓவர்', 'இன்டு' ஒட்டிக்கொள்ளும்போது இந்த வழி அவ்வளவாக உதவாது. கிரிக்கெட்டில் ஆட்டக்காரர் 'ரன் அவுட்' ஆகிறார். அலுவலகத்தில் நேரம் 'ரன் அவுட்' ஆகிறது. 'ரன் இன்டு' என்றால் ஒருவரைத் தற்செயலாகச் சந்திப்பது, வண்டி சுவரில் மோதுவது, செலவு லட்சக்கணக்கில் போவது எல்லாமே. இவற்றை ஒரே சொல்லாக, முழு வாக்கியத்தோடு குறித்து வையுங்கள். தனித்தனியாகப் பிரித்தால் பிடி கிடைக்காது.

தேர்தலில் போட்டியிடுவதை அமெரிக்காவில் 'ரன்' என்பார்கள், பிரிட்டனில் 'ஸ்டாண்ட்' என்பார்கள். நாமும் தேர்தலில் 'நிற்கிறார்' என்றுதானே சொல்கிறோம்.

ஏடு:
பெயர்ச்சொல்லையும் விட்டுவிடாதீர்கள். கிரிக்கெட் 'ரன்' ஓடி எடுப்பதிலிருந்து வந்தது. ஆனால் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஓடாமலே நான்கு கிடைக்கும். 'பேங்க் ரன்' என்பது, வங்கி மூழ்கிவிடுமோ என்ற பயத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்க முண்டியடிப்பது. 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி பேங்கிலிருந்து ஒரே நாளில் சுமார் 4,200 கோடி டாலர் வெளியேறியது. பெரும்பாலும் இணையம் வழியாகவே நடந்தது, வாசலுக்கு யாரும் ஓட வேண்டியிருக்கவில்லை. சொல் மட்டும் மாறவில்லை.

'ரன் ஆஃப் தி மில்' என்று வந்தால் சாதாரணமானது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆலையிலிருந்து தரம் பிரிக்காமல் அப்படியே வரும் சரக்கைக் குறித்த பேச்சு அது.

மலர்விழி:
எல்லோருக்கும் மிக்க நன்றி. 'எதை?' என்ற கேள்வியை இன்று வந்த மின்னஞ்சல்களில் வைத்துப் பார்த்தேன், உண்மையிலேயே வேலை செய்கிறது. ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. நேரம் தீர்ந்துவிட்டது என்று எழுத 'வீ ஹேவ் ரேன் அவுட் ஆஃப் டைம்' சரியா?

சொல்லேர்:
இல்லை, 'வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் டைம்'. 'ரேன்' தனி இறந்தகாலத்துக்கு மட்டும்: 'வீ ரேன் அவுட் ஆஃப் டைம் எஸ்டர்டே'. 'ஹேவ்', 'ஹேஸ்', 'ஹேட்' எது முன்னால் வந்தாலும் மறுபடி 'ரன்'தான். 'கம்', 'பிகம்' இரண்டும் இதே போலத்தான், சேர்த்தே பழகிக்கொள்ளுங்கள்.