புதுப்பிப்பு: பாதியில் நின்ற குட்டி நீராவி எஞ்சின் ஓடிவிட்டது

ஓய்வு பெற்றதும் ஆசையாய் வாங்கிய சின்ன நீராவி ரயில் எஞ்சின் தண்டவாளத்தில் இரண்டே சுற்றில் முக்கி முனகி நின்றுவிடுகிறது, பாய்லரில் அழுத்தம் இருந்தும் நகர மறுக்கிறது என்று போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்.

"லூப்ரிகேட்டரைத் திறந்து பாருங்கள்" என்று சொன்னவர்களுக்குக் கோடி நன்றி. சிலிண்டருக்கு எண்ணெய் ஊட்டும் குட்டித் தொட்டிதான் அது. தப்பு என்னுடையதுதான். அந்தக் குட்டித் தொட்டிக்குள் போகும் நீராவி குளிர்ந்து தண்ணீராகி அடியில் தங்கும்; மேலே மிதக்கும் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக சிலிண்டருக்குப் போகும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுப் புது எண்ணெய் நிரப்ப வேண்டுமாம். நான் ஒருமுறைகூட வடிக்கவில்லை. போதாக்குறைக்குத் தையல் மிஷின் எண்ணெயை வேறு ஊற்றியிருக்கிறேன்! நீராவிச் சூட்டுக்கு அது எங்கே தாங்கும்?

இப்போது லூப்ரிகேட்டருக்கு நீராவி எஞ்சினுக்கென்றே உள்ள கெட்டியான எண்ணெயும், பாய்லருக்குக் காய்ச்சி வடித்த தண்ணீரும்தான். நேற்று நிற்காமல் பதினோரு சுற்று. பேத்தி எண்ணினாள். 1829-இல் ஸ்டீபன்சனின் 'ராக்கெட்' என்ற நீராவி ரயில் எஞ்சினில் 25 செப்புக் குழாய்கள் இருந்த கதையை ஆரம்பித்தேன். "தாத்தா, விசில் அடிக்குமா?" என்றாள். அதோடு கதை முடிந்தது.

வீட்டுக்காரம்மா பற்றிக் கேட்டிருந்தீர்கள். சாப்பாட்டு மேஜையில் தண்டவாளம் போடத் தடை நீடிக்கிறது. மொட்டை மாடிக்கு அனுமதி உண்டு. ஆனால் எண்ணெய்க் கையோடு துண்டைத் தொட்டால், "என்னங்க இது!" என்று ஒரு குரல் வரும். அதுவும் விசில் மாதிரிதான்.