மயாமி 1986: தோட்டா தோற்றதா, ஆட்கள் தோற்றார்களா?

லாஸ்பேட்டைவாசி:
1986 ஏப்ரல் 11 காலை, அமெரிக்காவின் மயாமி புறநகரில் எஃப்.பி.ஐ. என்ற மத்தியப் புலனாய்வு அமைப்பின் அதிகாரிகள் எட்டுப் பேர் பிளாட், மேட்டிக்ஸ் என்ற இரண்டு வங்கிக் கொள்ளையரை மடக்கினார்கள். ஐந்து நிமிடத்துக்குள் ஏறத்தாழ 145 குண்டுகள். குரோகன், டவ் என்ற இரு அதிகாரிகள் இறந்தார்கள், ஐவர் காயமடைந்தார்கள். கொள்ளையர் இருவரும் அங்கேயே முடிந்தார்கள். என் கட்சி இதுதான்: தோற்றது தோட்டா. தொடக்கத்திலேயே டவ் சுட்ட 9 மி.மீ. விட்டமுள்ள ரவை பிளாட்டின் வலது கையைத் துளைத்து நெஞ்சுக்குள் போய், இதயத்துக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிட்டது. அந்த ஓர் அங்குலம் உள்ளே போயிருந்தால் அந்த இரு அதிகாரிகளும் வீடு திரும்பியிருப்பார்கள்.

மஞ்சக்குப்பம் ஓய்வு:
ஆயுதப்படையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். தம்பி, அந்த ஓர் அங்குலத்தையே பிடித்துத் தொங்காதீர்கள். இந்தக் கொள்ளையர் ரைபிள் வைத்திருப்பவர்கள் என்பது முன்பே தெரியும். தெரிந்தும் பெரும்பாலோர் ரிவால்வரோடும், மூவர் பிஸ்டலோடும் போய்க் காரால் இடித்து நிறுத்தினார்கள். இடித்த வேகத்தில் குரோகனின் மூக்குக்கண்ணாடி எங்கோ விழுந்தது. அந்த அலுவலகத்திலேயே குறி தவறாதவர் என்று பெயரெடுத்த மனிதர்! இன்னொருவர், சட்டென்று எடுக்க வசதி என்று ரிவால்வரை உறையிலிருந்து உருவி இருக்கையில் வைத்திருந்தார். மோதலில் அதுவும் போயிற்று. இதில் தோட்டாவின் பங்கு என்ன?

கோரிமேடு செவிலி:
பதினொரு வருடமாக அவசரப் பிரிவில் வேலை. அந்த ரவை கையின் பெரிய தமனியை அறுத்து, நுரையீரலையும் சுருங்க வைத்தது. அந்த ஒரு காயமே பிளாட்டைக் கொன்றிருக்கும். ஆனால் ‘கொல்வது’ வேறு, ‘உடனே நிறுத்துவது’ வேறு. இதயமே கிழிந்தாலும் மூளையில் மிச்சமிருக்கும் பிராணவாயுவில் பத்துப் பன்னிரண்டு விநாடி மனிதன் இயங்குவான். உடற்கூறாய்வில் இருவர் உடலிலும் போதைப்பொருள் எதுவும் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நெஞ்சில் கத்திக்குத்து வாங்கிய ஒருவர், வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தானே நடந்து வந்து கட்டிலில் ஏறியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஏறிய பிறகுதான் சாய்ந்தார்.

லாஸ்பேட்டைவாசி:
அப்படியானால் எஃப்.பி.ஐ. ஏன் தோட்டாவை மாற்றியது சகோதரி? மனிதச் சதைக்குப் பதிலாக ஜெலட்டின் கட்டியில் சுட்டு, குறைந்தது 12 அங்குலம், கூடினால் 18 அங்குலம் இறங்க வேண்டும் என்று அளவுகோல் வைத்தார்களே. 10 மி.மீ.க்குப் போனார்களே.

மஞ்சக்குப்பம் ஓய்வு:
போனார்கள். சுடும்போது துப்பாக்கி பின்னால் தள்ளும் உதை தாங்காமல் வெடிமருந்தைக் குறைத்தார்கள். பிறகு .40 அங்குல ரவை வந்தது. கடைசியில் 2014இல் அவர்களுடைய பயிற்சிப் பிரிவே 9 மி.மீ. போதும் என்று எழுதிவிட்டது. செக்குமாடு கிளம்பிய இடத்துக்கே வந்து நின்றது.

லாஸ்பேட்டைவாசி:
வந்தது அதே 9 மி.மீ. இல்லை ஐயா. விட்டம்தான் ஒன்று, குண்டின் அமைப்பு வேறு. அந்த ஜெலட்டின் சோதனையில் தேற வேண்டியிருந்ததால்தான் அது மாறியது.

மஞ்சக்குப்பம் ஓய்வு:
சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். அந்த எட்டு அதிகாரிகளில் மெக்நீலுக்குக் கையில் அடிபட்டது, ரிவால்வரில் ரவை நிரப்ப முடியவில்லை. ஹான்லனுக்கு நிரப்பிக்கொண்டிருக்கும்போதே கையில் அடி. மிரேலஸுக்கு இடது முழங்கைக்குக் கீழே எலும்பே சிதறிவிட்டது. இரண்டு கையால் இழுத்துச் சுட வேண்டிய பம்ப் ஷாட்கன்னை அவர் ஒற்றைக் கையால் இழுத்து இழுத்து ஐந்து முறை சுட்டு, பிறகு ரிவால்வரோடு எழுந்து நடந்து போய்ச் சண்டையை முடித்தார். எந்தத் தோட்டா அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்தது? நம் பக்கம் மாற்றுக் கையால் யார் பழகுகிறார்கள்? என் காலத்தில் சுடுதளத்துக்குப் போனால், எண்ணிக் கொடுத்த ரவைகளைச் சுட்டு முடிக்கப் பத்து நிமிடம். காலி உறைகளைப் புல்லில் தேடிப் பொறுக்கிக் கணக்கு ஒப்படைக்க ஒரு மணி நேரம். ஒரு உறை குறைந்தால் அன்றைக்குச் சாப்பாடே இறங்காது.

திருப்பாதிரிப்புலியூரான்:
மயாமி கதையெல்லாம் கடலூருக்கு எதற்கு? இங்கே தெருநாய் தொல்லைக்கே தீர்வு இல்லை.

முதுநகர் காவலாளி:
எனக்கு வேண்டும் அண்ணா. நான் வங்கி வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு நிற்கிறவன். கடல் காற்றில் தோட்டாவின் பித்தளை அடிப்பாகம் முழுக்கப் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறது. தோல் பெல்ட்டில் இருந்து உருவினால் விரலில் பச்சையாக ஒட்டுகிறது. நான் கடைசியாகச் சுட்டது வேலைக்குச் சேரும் முன்பு. களிம்பைத் துடைத்தால் போதுமா, மாற்ற வேண்டுமா?

மஞ்சக்குப்பம் ஓய்வு:
துடைத்துச் சமாளிக்காதீர்கள். களிம்பு ஏறியது குழலுக்குள் சிக்கும், சமயத்தில் வெடிக்காது. எழுத்தில் கொடுத்துப் புதிது கேளுங்கள். தேதி போட்ட நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

லாஸ்பேட்டைவாசி:
பார்த்தீர்களா ஐயா, கடைசியில் தோட்டாவுக்குத்தான் வந்தீர்கள்.

மஞ்சக்குப்பம் ஓய்வு:
இருங்கள் தம்பி. காவலாளி தம்பி, இப்போது துப்பாக்கிக்குள் தோட்டா இருக்கிறதா?

முதுநகர் காவலாளி:
இல்லை ஐயா. அது சரி என்றுதான் சொல்கிறார்கள், வாசலில் பிள்ளைகள் வந்து போகிறார்கள். ஆனால் போன மாதம் ஆய்வு வந்ததிலிருந்து பெல்ட்டும் என் இடுப்பில் இல்லை. மேலாளர் அறை அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். சாவி அவரிடம். அவர் மதியம் சாப்பிட வீட்டுக்குப் போய்விடுவார்.