நைட்ரஸ் போத்தலின் அழுத்தமும் கொழும்பு வெயிலும்

தெஹிவளை_சிவிக்:
வணக்கம். என்னுடைய 1.8 லீற்றர் ஹொண்டா சிவிக்கில் 50 குதிரைவலு சேர்க்கும் 'வெட்' வகை (பெற்றோலையும் சேர்த்துப் பீச்சும்) நைட்ரஸ் தொகுதியை, அதாவது எஞ்சினுக்குக் கூடுதல் ஒக்சிசன் தரும் நைட்ரஸ் ஒக்சைட் வாயுத் தொகுதியைப் பொருத்தியிருக்கிறேன். பந்தயத் திடலில் மட்டுமே பயன்படுத்துவேன். போத்தலைச் சூடாக்கும் ஹீற்றரும் கூடவே வந்தது. அதை எப்போது போடுவது, இக்னிஷன் டைமிங்கை (பிளக் பொறிவிடும் நேரத்தை) எவ்வளவு பின்தள்ளுவது என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும்.

கொட்டாஞ்சேனை_கராஜ்:
தம்பி, முதலில் அந்த ஹீற்றரின் வயரைக் கழற்றி வையுங்கள். போத்தலில் 900 முதல் 1000 பிஎஸ்ஐ வரை அழுத்தம் இருக்கும் என்ற கணக்கில்தான் ஜெற் (பாயும் அளவைக் கட்டுப்படுத்தும் சிறு துளை) அளவுகளைத் தெரிவுசெய்கிறார்கள். 20 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 750 பிஎஸ்ஐ மட்டுமே கிடைப்பதால் குளிர்நாடுகளில் ஹீற்றர் தேவைப்படுகிறது. ஆனால் 30 பாகையிலேயே அழுத்தம் 900ஐத் தாண்டிவிடும், அந்த வெப்பம் நமக்கு நிழலிலேயே கிடைக்கிறது. அழுத்தம் ஏற ஏற நைட்ரஸ் கூடுதலாகப் பாயும், பெற்றோலோ பழைய அளவிலேயே நிற்கும், கலவை லீன் ஆகி (பெற்றோல் போதாமல் போய்ப்) பிஸ்டன் உருகும். வெயிலில் நிறுத்திய காரின் டிக்கி 36.4 பாகையைக் கடந்துவிட்டால் நைட்ரஸ் திரவமாக இருக்கவே முடியாது. அதன்பின் ஜெற் கணக்கு எதையும் நம்ப வேண்டாம். கேஜ் 1000ஐத் தாண்டினால் போத்தலை நிழலுக்கு எடுத்து, ஈரத்துணி சுற்றி, முள் இறங்கும்வரை காத்திருங்கள். எக்காரணத்துக்காகவும் போத்தலுக்கு அருகில் தீ வேண்டாம்.

வத்தளை_டியூனிங்:
அண்ணா சொன்னதே முதன்மையானது. டைமிங்கைப் பொறுத்தவரை, 50 குதிரைவலுவுக்கு கிராங்க் தண்டின் சுழற்சியில் 2 பாகை பின்தள்ளித் தொடங்குவது வழக்கம். 95 ஒக்டேன் பெற்றோலை மட்டும் நிரப்புங்கள். ஸ்பார்க் பிளக்கை ஒரு படி குளிர்ந்த (வெப்பத்தை விரைவாகக் கடத்தும்) வகைக்கு மாற்றுவதும் நல்லது. முழுத் திரொட்டிலிலும் 3000 ஆர்பிஎம்முக்கு மேலும் மட்டுமே சொலனொயிட் (நைட்ரஸைத் திறந்து மூடும் மின்வால்வு) திறக்க வேண்டும், பெற்றோல் அழுத்தம் குறைந்தால் தானாகவே மூட வேண்டும். இவற்றைச் செய்யும் பாதுகாப்புச் சுவிட்சுகள் இல்லாத தொகுதியை நான் ஓடவிட மாட்டேன். ஒரு குறுகிய ஓட்டம் முடிந்ததும் எஞ்சினை உடனே நிறுத்திப் பிளக்கைக் கழற்றி, வெண்பீங்கானை உருப்பெருக்கியால் பாருங்கள். மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகளோ மினுங்கும் அலுமினியத் துகள்களோ தெரிந்தால் எஞ்சினுக்குள் டெற்றனேஷன் (கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது) நடக்கிறது. காரணம் தெரியாமல் அடுத்த ஓட்டம் போகாதீர்கள்.

தெஹிவளை_சிவிக்:
மிக்க நன்றி. ஹீற்றரைக் கழற்றிவிடுகிறேன். அழுத்தம் மிகையானால் உடையும் பாதுகாப்புத் தட்டுக்குத் தனியாகக் குழாய் வேண்டுமா?

கொட்டாஞ்சேனை_கராஜ்:
கட்டாயம் வேண்டும், தம்பி. தட்டு உடைந்தால் போத்தலிலுள்ள முழு வாயுவும் சில கணங்களில் வெளியேறும். அது காருக்குள் நிரம்பினால் ஒக்சிசன் குறைந்து ஓட்டுபவர் மயங்கிவிடலாம். குழாயின் முனை காரின் அடிப்பகுதிக்கு வெளியே, சைலன்சரிலிருந்து விலகி இருக்கட்டும்.