அட்மிஷன் கையில் இல்லாமல் ஜெர்மனிக்குப் போகலாமா?

ஈரோட்டு அப்பா:
எல்லோருக்கும் வணக்கம். மகன் 2024இல் மெக்கானிக்கல் பி.இ. முடித்தான், சி.ஜி.பி.ஏ. 7.4. ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் படிக்க ஆசை. ஆங்கில வழிப் படிப்புகள் ஆறுக்கு விண்ணப்பித்தான், ஆறும் கைவிரித்துவிட்டன. ஜெர்மன் மொழியில் பி1 என்ற நடு நிலையைப் போன மாதம் தேறிவிட்டான். இந்தியப் படிப்புச் சான்றுகளை ஜெர்மனிக்காகச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழும் இருக்கிறது. இப்போது ஒரு கன்சல்டன்சியில், "அட்மிஷனுக்காக உட்கார்ந்திருக்க வேண்டாம், அப்ளிகன்ட் விசாவில் அனுப்பிவிடுங்கள், அங்கே போய் இடம் பிடித்துக்கொள்வான்" என்கிறார்கள். நகையை வைத்துத்தான் பணம் புரட்ட வேண்டும். இந்த விசாவில் அனுப்பலாமா, இல்லை அட்மிஷன் வந்த பிறகு மாணவர் விசாவிலேயே அனுப்புவதா?

கெம்னிட்ஸ் மாணவன்:
சார், வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: அங்கே போய் உங்கள் மகன் என்ன செய்வான், ஈரோட்டில் இருந்து செய்ய முடியாததை? விண்ணப்பம் முழுக்க ஆன்லைன். பல பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பங்களை வாங்கிப் பார்க்கும் யூனி-அசிஸ்ட்டில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. ஈரோட்டில் இருந்து போட்டாலும் பெர்லினில் இருந்து போட்டாலும் அதே கட்டணம்தான், அதே வரிசைதான். நேரில் வந்து நின்றான் என்பதற்காக யாரும் இடம் தரமாட்டார்கள்.

செலவைப் பாருங்கள். மாணவர் விசாவுக்கு பிளாக்டு அக்கவுன்ட்டில் (வாழ்க்கைச் செலவுக்காக முன்கூட்டியே போட்டு முடக்கிவைக்கும் கணக்கு) வருடத்துக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992. அப்ளிகன்ட் விசாவுக்கு அதைவிடப் பத்து சதவீதம் கூடுதலாக, மாதம் 1,091 காட்ட வேண்டும். அதிகபட்சம் ஒன்பது மாதம்தான் தருவார்கள். 1,091ஐ ஒன்பதால் பெருக்கினால் 9,819 யூரோ, ஏறக்குறைய பத்து லட்சம் ரூபாய். இடம் கிடைத்து மாணவர் அனுமதிக்கு மாறும்போது அடுத்த வருடத்துக்கான பணத்தை மறுபடியும் காட்ட வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அடகு நகை அங்கேயே இருக்கும்.

நெக்கர்க்கரை:
தம்பி, நீங்கள் சொல்லும் கணக்கு சரி, முடிவு சரியில்லை. நானே அப்ளிகன்ட் விசாவில் வந்தவள். அப்போது அந்த விசாவில் ஒரு மணி நேரம்கூட வேலை செய்யக் கூடாது. 2024 மார்ச் முதல் வாரத்துக்கு 20 மணி நேரம் செய்யலாம். இது பெரிய மாற்றம்.

நேரில் வந்து என்ன கிடைக்கும் என்று கேட்டீர்கள். மொழி கிடைக்கும். ஆங்கில வழி மாஸ்டர்ஸில் உலகமே வந்து மோதுகிறது. ஜெர்மன் வழிப் படிப்புகள் எண்ணிக்கையில் பல மடங்கு அதிகம், போட்டியும் குறைவு. ஆனால் அதற்குப் பல்கலைக்கழகத்தில் சேர எழுதும் ஜெர்மன் மொழித் தேர்வு தேற வேண்டும்: டி.எஸ்.எச். தேர்வில் 2ஆம் நிலை (டி.எஸ்.எச்-2), அல்லது டெஸ்ட்டாஃப் தேர்வில் நான்கு பகுதியிலும் 4. ஊரில் மாலை வகுப்புக்குப் போய், வீட்டில் தமிழ் பேசிக்கொண்டு நான் பி1இல் இரண்டு வருடம் நின்றேன். இங்கே வந்து எட்டே மாதத்தில் டி.எஸ்.எச்-2 தேறினேன். காலையில் வகுப்பு, மாலையில் பக்கத்து வீட்டுப் பாட்டியோடு பேச்சு. அந்தப் பாட்டி இல்லாவிட்டால் நான் இன்று இங்கே இஞ்சினியர் இல்லை.

சார், உங்கள் மகனுக்கு 7.4 என்றீர்கள். தேர்ச்சி எல்லை 5 என்று வைத்து ஜெர்மன் முறைக்கு மாற்றிப் பாருங்கள். 10இல் 7.4 போக 2.6, அதை 5ஆல் வகுத்து 3ஆல் பெருக்கி 1 கூட்டினால் 2.56. இங்கே 1தான் உச்சம். நிறைய ஆங்கில வழிப் படிப்புகள் 2.5க்குள் கேட்கின்றன. மயிரிழையில் வெளியே நிற்கிறான். காத்திருந்தாலும் இந்த எண் மாறாது, மொழிதான் மாறும்.

தாம்பரம் டு பெர்லின்:
இரண்டும் வேண்டாம் என்றால் லாங்குவேஜ் கோர்ஸ் விசா இருக்கிறதே? இல்லாவிட்டால் வேலை தேடப் போகிறவர்களுக்கான சான்சென்கார்ட்டே. அதிலும் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்யலாம், ஒரு வருடம் தருகிறார்கள். போய் இறங்கிவிட்டால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கெம்னிட்ஸ் மாணவன்:
அண்ணா, "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்பதில்தான் எல்லாம் கெடுகிறது. ஜெர்மன்காரர்கள் எந்த விசாவிலும் முதலில் பார்ப்பது நோக்கம் என்ன என்பதைத்தான். சான்சென்கார்ட்டே 2024 ஜூனில் வேலை தேடுவோருக்காக வந்தது, படிக்க வருவோருக்கு அல்ல. மொழி விசா மொழி படிக்க மட்டும். மொழி படித்துவிட்டுப் பல்கலைக்கழகம் போவதுதான் திட்டம் என்றால் அதை முதல் விண்ணப்பத்திலேயே சொல்ல வேண்டும். சுற்றுலா விசாவில் போய் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம் என்றும் சிலர் சொல்வார்கள், இந்தியர்களுக்கு அது நடக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. முன்பு விசா மறுத்தால் தூதரகத்துக்கே இலவசமாக மேல்முறையீடு எழுதலாம். 2025 ஜூலை 1 முதல் அதை எடுத்துவிட்டார்கள். இனி மறுபடி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இல்லை பெர்லின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அதனால் முதல் விண்ணப்பமே பொருந்தி வர வேண்டும்.

அக்கா, உங்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அப்ளிகன்ட் விசாவில் வருகிறவன் மாணவன் இல்லை. மாணவர் விடுதி கிடைக்காது, மாணவர் கட்டணத்தில் அரசு காப்பீடு கிடைக்காது, செமஸ்டர் டிக்கெட் என்கிற மாணவர் பயணச் சீட்டு கிடையாது. தனியார் அறை, தனியார் காப்பீடு, மொழி வகுப்புக்கு மாதம் சில நூறு யூரோ. இந்த நெருக்கடியில் 20 மணி நேர வேலையும் சேர்ந்தால் படிப்பது எப்போது? என் பழைய அறைத் தோழன் அப்படித்தான் வந்தான். கிடங்கு வேலையில் சிக்கி, ஆறாவது மாதத்தில் பி1க்கு அடுத்த நிலையான பி2கூடத் தேறவில்லை. அவன் அம்மாவுக்கு இன்னும் கடன் அடையவில்லை.

நெக்கர்க்கரை:
அந்தத் தம்பிக்கு நடந்தது எனக்கும் வலிக்கிறது. ஆனால் அவன் எந்த மாதம் வந்தான்? அதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அக்டோபரில் வந்தால் ஒன்பது மாதம் ஜூலையில் முடிந்துவிடும். குளிர்கால செமஸ்டருக்கு ஜூலை 15தான் பொதுவான கடைசித் தேதி, முடிவு வருவது ஆகஸ்டில். கையில் விசா இல்லாத நாளில் அட்மிஷன் வரும்! கன்சல்டன்சிக்காரர்கள் இதைச் சொல்வதே இல்லை. ஜனவரி கடைசியில் வந்தால் அக்டோபர் வரை நேரம் இருக்கும். அதற்குள் தேர்வு எழுதி, விண்ணப்பித்து, பதிவும் செய்து, இங்கேயே மாணவர் அனுமதிக்கு மாறிவிடலாம். ஊருக்குத் திரும்ப வேண்டியதில்லை.

ஈரோட்டு அப்பா:
அம்மா, இந்தத் தேதிக் கணக்கை இன்று கன்சல்டன்சியில் கேட்டேன். "அதெல்லாம் அங்கே போனால் நீட்டித்துத் தருவார்கள்" என்றார்கள்.

நெக்கர்க்கரை:
ஒன்பது மாதம்தான் உச்சவரம்பு, சார். இனி அவர்களிடம் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். இந்த விசாவுக்காக இத்தனை நேரம் பேசிய நானே சொல்கிறேன்.

கெம்னிட்ஸ் மாணவன்:
அக்கா சொன்ன மொழி வழியை எடுத்துக்கொள்ளுங்கள் சார், விசாவை மட்டும் மாற்றுங்கள். ஜெர்மன் வழிப் படிப்புகளில் பல இடங்களில் நிபந்தனை அட்மிஷன் தருகிறார்கள்: முதலில் மொழி வகுப்பு, டி.எஸ்.எச். தேறியதும் படிப்பு. அந்தக் கடிதம் இருந்தால் மொழிக் காலத்தையும் சேர்த்துப் படிப்புக்கான விசாவே கேட்கலாம். ஒன்பது மாதக் கத்தி தலைக்கு மேல் தொங்காது. கோடைகால செமஸ்டருக்குப் பொதுவாக ஜனவரி 15 கடைசி, அதில் சேர்க்கும் படிப்புகளை இப்போதே தேடலாம்.

நெக்கர்க்கரை:
நல்ல யோசனைதான். ஆனால் பல பல்கலைக்கழகங்கள் அதற்கே பி2 கேட்கும். பி1ஓடு நிற்கிற பையன் அந்த பி2ஐ எங்கே முடிப்பான் என்பதில்தான் நமக்குள் சண்டை. நான் இன்னமும் இங்கே வந்து முடிக்கச் சொல்வேன்.

கெம்னிட்ஸ் மாணவன்:
நான் கடன் வாங்காமல் முடிக்கச் சொல்வேன்.

ஈரோட்டு அப்பா:
மகனும் நானும் ராத்திரி உட்கார்ந்து இதையெல்லாம் படித்தோம். நகையை இப்போதைக்குத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவிர எல்லா நாளும் மாலை பி2 வகுப்பு, கோயம்புத்தூரில் சேர்ந்துவிட்டான். பக்கத்து வீட்டுப் பாட்டி மாதிரி தினமும் ஜெர்மன் பேச ஆள் வேண்டும் என்கிறான். அம்மா, வாரத்துக்கு ஒரு நாள் போனில் அரை மணி நேரம் ஒதுக்க முடியுமா?

நெக்கர்க்கரை:
சனிக்கிழமை, உங்கள் ஊர் நேரம் மாலை ஆறு. தமிழில் ஒரு வார்த்தை பேசினாலும் வைத்துவிடுவேன் என்று சொல்லிவையுங்கள்.