இசைக்குழுவோடு சேர்ந்து டிஜே: தாளம் விலகாமல் இருக்க வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. நானும் என் நண்பனும் சேர்ந்து டிஜே செய்கிறோம். அடுத்த மாதம் ஒரு கிளப்பில், நான்கு பேர் கொண்ட இசைக்குழுவோடு ஒரே மேடையில் வாசிக்கப் போகிறோம். ரொம்ப நாள் ஆசை இது, நன்றாக வர வேண்டும்.

ஒத்திகையில் பெரிய தொல்லை தாளம்தான். எங்கள் ட்ராக் 124 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 124 தட்டு) அசையாமல் ஓடுகிறது. கோரஸ் வந்ததும் டிரம்மர் உற்சாகத்தில் 127 வரை போய்விடுகிறார். அவர் காதில் க்ளிக் (தாளம் காட்டும் டிக்-டிக் ஒலி) கொடுத்துப் பார்த்தோம். விலகல் நின்றது, ஆனால் அவர் வாசிப்பில் இருந்த உயிரும் போய்விட்டது. அதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. க்ளிக்குக்குப் பதிலாக ஷேக்கர் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் கிலுகிலுப்பை ஒலி) அனுப்பினால் சரிவருமா? இல்லை, நாங்கள்தான் பிட்ச் ஃபேடரில் (ட்ராக்கின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடர்) அவரைப் பின்தொடர வேண்டுமா? அப்படிச் செய்தால் கீ லாக் (வேகம் மாறினாலும் சுருதியை மாறாமல் வைக்கும் வசதி) கட்டாயம். அது இல்லாமல் 127க்கு ஏற்றினால் சுருதி ஏறக்குறைய 40 சென்ட் (அரை ஸ்வரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு) கூடிவிடுகிறது, பாடகி பாவம்.

அப்புறம், எங்கள் ட்ராக்கின் கிக்கும் (பெரிய டிரம்மின் அடி) இசைக்குழுவின் பேஸ் கிட்டாரும் மோதிக் குழம்புகின்றன. லோ ஈக்யூவை (ட்ராக்கின் அடி ஒலிகளின் அளவை) குறைத்தால், இசைக்குழு நிறுத்தும் இடங்களில் ஒலி வெறுமையாகிறது. ட்ராக்கை ஸ்டெம்களாக (டிரம்ஸ், பேஸ், குரல் எனத் தனித்தனியாக) பிரித்து வாசித்த அனுபவம் யாருக்காவது உண்டா? மேடையில் செய்து பார்த்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.