கொடி அடுப்பில் புகை திரும்புகிறது, இரண்டாவது பாத்திரம் கொதிக்கவில்லை: என்ன கோளாறு?

கரூர்த்_தோட்டம்:
தோட்டத்து வீட்டில் மேடை போட்டு, புகைபோக்கியோடு இரண்டு வாய் விறகடுப்பு கட்டியிருக்கிறோம். செங்கல் கட்டு. உள்ளே சிமெண்ட் கலந்த செம்மண் பூச்சு. விறகு வைக்கும் வாய் 10 இஞ்ச் அகலம், 9 இஞ்ச் உயரம். குழியின் தரையிலிருந்து பாத்திர அடி வரை 11 இஞ்ச். முன்னடுப்பின் மேல் பாத்திரத்தைத் தூக்கி நிறுத்த மூன்று குமிழ் உண்டு. பின்னால் கொடி அடுப்பு (முன்னடுப்பின் சூட்டையே வாங்கிக்கொள்ளும் இரண்டாவது வாய்), அதிலிருந்து 3 இஞ்ச் ஏ.சி. (ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட்) பைப் ஒரு எல்போ போட்டுச் சுவரோரமாக ஏறி, ஓட்டின் தாழ்வாரப் பக்கம் ஓரடி வெளியே நிற்கிறது. விறகு சீமைக்கருவேலம், கடையில் எடைக்கு வாங்கியது.

சிக்கல் இவை: பற்றவைத்துக் கால் மணி நேரத்துக்கு வாய் வழியாகவே புகை அடிக்கிறது. கொடி அடுப்பில் தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டுவதில்லை. உட்பூச்சு வெடித்துப் பாளம் பாளமாக விழுகிறது. இடித்துக் கட்ட வேண்டுமா, திருத்தினால் போதுமா?

மண்கட்டு_மேஸ்திரி:
இடிக்க வேண்டாம். முதலில் அந்தக் குமிழ்களைத் தட்டி எடுங்கள். குமிழ் என்பது புகைபோக்கி இல்லாத அடுப்புக்கு உரியது. அங்கே பாத்திரத்தைச் சுற்றி இடைவெளி இருந்தால்தான் தீ மூச்சு விடும். புகைபோக்கி வைத்த அடுப்பில் அதே இடைவெளி ஓட்டையாகிவிடும். பைப் இழுக்கும் காற்று தீயின் வழியே வராமல் அந்த இடைவெளி வழியே நுழைந்து கொடி அடுப்பைக் குளிரவைக்கும். இழுவை குறையும்போது புகையும் அதே வழியாக வெளியே வரும். பாத்திரம் வாயில் இறங்கி, சுற்றிலும் ஒட்டி உட்கார வேண்டும். சின்னப் பாத்திரங்களுக்கு இரும்பு வளையம் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பாத்திரத்தில் சமைக்கும்போதும் கொடி அடுப்பைத் திறந்து போடாதீர்கள், ஒரு தவலைத் தண்ணீராவது அதன் மேல் இருக்கட்டும்.

அடுத்தது பைப். 3 இஞ்ச் பைப்பின் உள்வாய் சுமார் 7 சதுர இஞ்ச், 4 இஞ்ச் என்றால் 12½. ஓர் இஞ்ச்தானே என்று தோன்றும், ஆனால் வழி ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. அதில் கால் இஞ்ச் கரி படிந்தால் மிச்சம் 5 சதுர இஞ்ச்கூடத் தேறாது. முன்னடுப்பிலிருந்து கொடி அடுப்புக்குப் போகும் துளையையும் பாருங்கள். அதுவும் 4 இஞ்ச் இருக்க வேண்டும், கொடி அடுப்பை நோக்கி மேல்சாய்வாக ஏற வேண்டும். பைப்பை எவ்வளவு பெரிதாக்கினாலும் துளை 2½ இஞ்ச் என்றால் பயன் கிடையாது.

தாழ்வாரப் பக்கம் ஓரடி என்பதும் போதாது. கூரை முகட்டின் மேல் ஏறி விழும் காற்று அங்கேதான் புரண்டு பைப்புக்குள் அழுத்தும். முகட்டைவிட இரண்டடி உயர்த்துங்கள். மேலே தகரத் தொப்பி வையுங்கள், தொப்பிக்கும் பைப் வாய்க்கும் நடுவே 4 இஞ்ச்சாவது விடுங்கள். மழைக்குப் பயந்து தொப்பியை ஒட்ட வைத்தால் அதுவே அடைப்பு.

இப்போது குழி. 11 இஞ்ச் ஆழம் அதிகம், தீயின் நுனி பாத்திரத்தை எட்டாது. 10 மி.மீ. கம்பியில் சட்டம் செய்து கம்பிக்குக் கம்பி அரை இஞ்ச் இடைவெளி விட்டுத் தரையிலிருந்து 4 இஞ்ச் உயரத்தில் வையுங்கள். விறகு அதன் மேல் எரியும், சாம்பல் கீழே விழும், காற்று அடியிலிருந்து ஏறும். சட்டத்திலிருந்து பாத்திர அடிக்கு 7 இஞ்ச் வரும், அது சரியான அளவு. இதைவிடத் தாழ்வாகப் பாத்திரம் உட்கார்ந்தால் தீ முழுதாக எரியுமுன் பாத்திரத்தில் பட்டு அணையும், கரி அப்பும். 8 மி.மீ. கம்பி போடாதீர்கள், சூட்டில் தொய்ந்துவிடும். கிடைத்தால் வார்ப்பிரும்புச் சட்டமே நல்லது. சட்டம் வைத்த பிறகு விறகு வாயைச் செங்கல் துண்டு வைத்து 7 இஞ்ச் அகலம், 6 இஞ்ச் உயரமாகச் சுருக்குங்கள். சட்டத்துக்குக் கீழே சாம்பல் அள்ள 3 இஞ்ச் வாய் தனியாக இருக்கட்டும்.

கொடி அடுப்பு கொதிக்காததற்குக் கடைசிக் காரணம் அதன் அடிப்பள்ளம். பள்ளம் ஆழமாக இருந்தால் சூடான காற்று பாத்திரத்தைத் தொடாமல் பைப்புக்கு ஓடிவிடும். நடுவில் மண்ணால் ஒரு திட்டு எழுப்பி, அதன் தலைக்கும் பாத்திர அடிக்கும் 1¼ இஞ்ச் மட்டும் விடுங்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் அஸ்த்ரா குழுவினர் 1980-களில் பரப்பிய மூன்று வாய் அடுப்பிலும் இதுதான் சூட்சுமம்: சூடான காற்றுக்குக் குறுகிய வழி விட்டுப் பாத்திரத்தை உரசிப் போக வைப்பது. ஆனால் ஒன்று, எவ்வளவு திருத்தினாலும் கொடி அடுப்பில் தளதளவென்று உலை கொதிக்காது. பருப்பு வேகும், பால் காயும், குளிக்க வெந்நீர் வரும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

கரூர்த்_தோட்டம்:
குமிழை நினைத்தே பார்க்கவில்லை, நன்றி அண்ணா. அளந்து பார்த்தேன், துளை 3 இஞ்ச்தான். உட்பூச்சுக்கு என்ன கலவை?

மண்கட்டு_மேஸ்திரி:
தீ படும் இடத்தில் சிமெண்ட் கூடாது. 400 டிகிரி தாண்டினாலே அதன் பிடிப்பு போகத் தொடங்கும், எரியும் குழியில் அதைவிடச் சூடு அதிகம். ஆறியபின் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து உப்பும், பிறகு பாளமாக விழும். பெயர்ந்தது எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

புற்றுமண் அல்லது களிப்பான செம்மண் ஒரு பங்கு, சலித்த மணல் இரண்டு பங்கு, சலித்த சாம்பல் அரைப் பங்கு, விரல் நீளத்துக்கு நறுக்கிய வைக்கோல் இரண்டு கை, கொஞ்சம் சாணம். நனைத்து மூடி இரண்டு நாள் புளிக்கவிட்டு மிதியுங்கள். பூசுவதற்கு முன் ஓரடி நீளத்தில் ஒரு கட்டை பிடித்து நிழலில் காயவையுங்கள். காய்ந்தபின் கால் இஞ்ச்சுக்கு மேல் சுருங்கியிருந்தாலோ குறுக்கே வெடித்திருந்தாலோ களி அதிகம், மணல் சேர்க்க வேண்டும். விரலால் தேய்த்தால் உதிர்கிறது என்றால் மணல் அதிகம். மண் ஊருக்கு ஊர் மாறும், அதனால் என் பங்குக் கணக்கைவிட அந்தக் கட்டையை நம்புங்கள்.

செங்கல்லை நன்றாக நனைத்துவிட்டு அரை இஞ்ச் கனத்தில் இரண்டு பூச்சாகப் பூசுங்கள். காயக் காய மயிர்க்கோடு போல விரிசல் வரும், ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தால் மூடிக்கொள்ளும். பத்து நாள் நிழலில் காயட்டும். பிறகு தென்னோலை, சுள்ளி என்று சிறு தீயாக மூன்று நாள். பச்சைப் பூச்சில் முதல் நாளே பெருந்தீ போட்டால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிப் பூச்சை உந்தித் தள்ளிவிடும். அதன் பின் வாரம் ஒருமுறை சாணமும் மண்ணும் கரைத்து மெழுகினால் போதும், ஆறிய அடுப்பில்.

விறகுக்கடை_மணப்பாறை:
மேஸ்திரி அடுப்பைச் சொல்லிவிட்டார், விறகை யாரும் கேட்கவில்லை. எடைக்கு வாங்கும் விறகில் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள். நன்றாகக் காய்ந்த விறகு கிலோவுக்கு 3,500 கிலோகலோரிக்கு மேல் தரும். வெட்டிய ஈரத்தோடு எரித்தால் அதில் பாதிதான் கிடைக்கும். எடையில் பெரும்பங்கு தண்ணீர், அதை ஆவியாக்கவும் கொஞ்சம் சூடு போய்விடும்.

ஈரம் பார்க்க எளிய வழி: கட்டையின் நடுவிலிருந்து பிளந்த சிராய் 500 கிராம் எடுத்து, அணைந்த அடுப்பின் மேல் வைத்துத் தினமும் எடை போடுங்கள். எடை குறைவது நின்றதும் பாருங்கள். 400-ல் நின்றால் 20 சதவீத ஈரம், எரிக்கலாம். 350-க்குக் கீழே போனால் இன்னும் இரண்டு மூன்று மாதம் காய வேண்டிய விறகு. தராசு இல்லையென்றால் இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது டங்கென்று கேட்கும், ஈரமானது தொப்பென்று. எரியும்போது பின்முனையில் நுரை கொப்பளித்தால் சந்தேகமே வேண்டாம்.

பிளக்காத உருட்டுக்கட்டை பட்டைக்குள் ஈரத்தைப் பூட்டி வைத்துக்கொள்ளும். மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, செங்கல் வைத்துத் தரையிலிருந்து தூக்கி, சுவரைவிட்டு அரையடி தள்ளி அடுக்குங்கள். மேலே தகரம் போதும். பக்கங்களையும் சேர்த்துத் தார்ப்பாயால் மூடினால் உள்ளேயே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். எடுக்கும்போது கழியால் தட்டிவிட்டு எடுங்கள், தேளுக்கு விறகு அடுக்கைவிடப் பிடித்த இடம் கிடையாது.

சீமைக்கருவேலம் நல்ல விறகு, தணல் நின்று எரியும். சவுக்கு சீராக எரியும், தோசைக் கல்லுக்கு அதுதான். தென்னை மட்டை, பாளை எல்லாம் படபடவென்று எரிந்து தீரும், பற்றவைக்க ஏற்றது. கொட்டாங்குச்சி அதிகச் சூடு, ஆனால் கரி அப்பும். வேப்பம் விறகின் புகை கண்ணைக் கரிக்கும். முருங்கை, ஒதியன் வேண்டாம்; ஒதி பெருத்தால் உத்திரத்துக்கும் ஆகாது, அடுப்புக்கும் ஆகாது. அரளிக் கிளையை மட்டும் தவறியும் வைக்காதீர்கள், புகையே நஞ்சு. பெயிண்ட் அடித்த பழைய பலகை, பிளைவுட் துண்டுகளும் அப்படித்தான்.

ராக்கெட்_அடுப்பு_ரசிகன்:
இவ்வளவு பாடு எதற்கு? எல் வடிவ ராக்கெட் அடுப்பு ஒன்று வாங்கினால் கால்வாசி விறகில் வேலை முடியும். புகையும் இல்லை.

மண்கட்டு_மேஸ்திரி:
காய்ந்த சுள்ளி வைத்தால் புகை குறைவு, உண்மை. புகையே இல்லை என்பது விளம்பரம். கால்வாசி விறகு என்பதும் அப்படியே. விரல் பருமன் சுள்ளியைப் பக்கத்தில் உட்கார்ந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், கருவேலங்கட்டையை அதற்காக யார் சீவுவது? மெல்லிய தகரத்தில் செய்தவை உள்குழாய் செதில் செதிலாக உதிர்ந்து ஓட்டையாகும். இரண்டு பேருக்குக் காபி, ரசம் என்றால் வாங்குங்கள். பத்து லிட்டர் அண்டாவைக் களி கிண்ட அதன் மேல் ஏற்றினால் ஆட்டம் காணும்.

கோத்தகிரி_சமையலறை:
பற்றவைக்கும் நேரத்துப் புகைக்கு வேறு காரணமும் உண்டு. பைப்புக்குள் இரவெல்லாம் குளிர்ந்த காற்று தக்கையைப் போல நிற்கும், புகையால் அதை உந்த முடியாது. முதலில் கொடி அடுப்புக்குள் ஒரு கை காய்ந்த ஓலையைக் கொளுத்திப் பாத்திரத்தால் மூடுங்கள். பைப் சூடாகி ‘ஹோ’வென்று இழுக்கும் சத்தம் கேட்டதும் முன்னடுப்பைப் பற்றவையுங்கள். ஒன்று கேட்க வேண்டும்: சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதா?

கரூர்த்_தோட்டம்:
இருக்கிறது. புகை வருகிறதே என்று அதைப் போட்டுவிட்டுத்தான் பற்றவைப்போம். கதவைச் சாத்தியிருப்போம், கோழி உள்ளே வரும்.

கோத்தகிரி_சமையலறை:
பாதிக் கோளாறு அதுதான். ஃபேன் அறையின் காற்றை வெளியே தள்ளும். கதவு சாத்தியிருந்தால் ஈடு செய்யக் காற்று வர வேறு வழியில்லை, புகைபோக்கி வழியாக இறங்கும். ஃபேனை நிறுத்துங்கள், தரைமட்டத்தில் ஒரு சன்னலோ கம்பிவலை வைத்த கதவோ திறந்திருக்கட்டும்.

ஏ.சி. பைப்பை மாற்றும்போது கவனம். அது ஆஸ்பெஸ்டாஸ், அறுக்கும் தூசி நுரையீரலுக்குக் கேடு. தீயின் நேர்சூடு பட்டால் வெடிக்கவும் செய்யும். சுடுமண் குழாய் கிடைத்தால் அதைப் போடுங்கள், இல்லையென்றால் கனமான ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப். எல்போவுக்குப் பதில் அடியில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) வைத்துக் கீழ்வாயை மூடியிட்டு அடையுங்கள், கரி அள்ள வசதி. பைப் ஓட்டைத் தாண்டும் இடத்தில் மரச்சட்டத்திலிருந்து அரையடியாவது தள்ளிப் போகட்டும்.

இன்னொன்று, குளிருக்காகத் தணலைச் சட்டியில் அள்ளிப் படுக்கை அறைக்குக் கொண்டுபோகும் பழக்கம் எங்கள் பக்கம் உண்டு. தணலில் புகை தெரியாது, கார்பன் மோனாக்சைடு இருக்கும். மூடிய அறையில் தூக்கத்திலேயே உயிர் போகும்.

கரூர்த்_தோட்டம்:
பைப்பை எத்தனை நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும்? குக்கரை இதில் வைக்கலாமா? பாத்திரக் கரி தேய்த்தே கை போகிறது என்கிறார் அம்மா.

மண்கட்டு_மேஸ்திரி:
தினமும் எரித்தால் மாதம் ஒருமுறை. நீளக் கயிற்றின் நடுவில் தேங்காய் நாரைச் சாக்கில் சுற்றி, பைப் வாயைவிடச் சற்றுப் பெரிய உருண்டையாகக் கட்டுங்கள். மேலே ஒருவர், கீழே ஒருவர் நின்று நாலைந்து முறை இழுத்தால் போதும். வருவது பொடிக்கரியா என்று பாருங்கள். பளபளவென்று தார் போல ஒட்டினால் விறகு ஈரம். அந்தத் தார் ஒருநாள் பைப்புக்குள்ளேயே தீப்பிடிக்கும். அப்போது தண்ணீர் ஊற்றினால் பைப் வெடிக்கும். பாத்திரங்களை எடுக்காமல் விறகு வாய், சாம்பல் வாய் இரண்டையும் தகரத்தால் அடைத்தால் காற்றில்லாமல் அடங்கும்.

கரிக்கு: அடுப்பில் ஏற்றுமுன் பாத்திரத்தின் அடியில், வெளிப்புறம், சாம்பலைத் தண்ணீரில் தோசை மாவுப் பதத்தில் குழைத்துப் பூசுங்கள். கரி அதன் மேல் படியும், கழுவும்போது சேர்ந்து வந்துவிடும்.

குக்கர் வைக்கலாம். கைப்பிடி விறகு வாய்ப்பக்கம் வராமல் திருப்பி வையுங்கள், பக்கவாட்டில் ஏறும் தீ பிடியையும் கேஸ்கட்டையும் கருக்கும். முதல் விசில் வந்ததும் கொள்ளிகளை வெளியே இழுத்துத் தணலில் விடுங்கள். கேஸ் போல உடனே குறைக்க முடியாது என்பதால் தண்ணீர் அரை டம்ளர் கூடுதலாக இருக்கட்டும்.

விறகுக்கடை_மணப்பாறை:
இழுத்த கொள்ளியை மணலில் குத்தி அணையுங்கள். தண்ணீர் தெளித்தால் மறுநாள் அதே கட்டை புகையும்.

சாம்பல் அள்ளும்போது இரும்பு வாளி மட்டும். மேலே ஆறியது போலத் தெரிந்தாலும் உள்ளே கங்கு மறுநாள் வரை கிடக்கும், பிளாஸ்டிக் கூடை உருகியது போகக் குப்பைமேடும் பற்றும். ஆறியதைத் தென்னைக்கு, வாழைக்குப் போடலாம், சாம்பல்சத்து உண்டு. யூரியாவோடு மட்டும் கலக்காதீர்கள், தழைச்சத்து அமோனியாவாகப் பறந்துவிடும். உங்கள் மண் களர் என்றால் சாம்பலே போட வேண்டாம், பாத்திரம் தேய்க்க வைத்துக்கொள்ளுங்கள்.