பழைய குடும்பக் கார்: மீட்டர் திருத்தத்தையும் வெள்ளச் சேதத்தையும் கண்டுபிடிப்பது எப்படி?

அனைவருக்கும் வணக்கம். வயதான பெற்றோரும் இரண்டு குழந்தைகளும் வசதியாகப் பயணிப்பதற்காக, ஏழு பேர் அமரக்கூடிய பழைய டீசல் கார் ஒன்றை வாங்க எண்ணியுள்ளேன். 8 ஆண்டுகள் ஓடிய அந்த வண்டியை நாளை மறுநாள் நேரில் பார்க்கப் போகிறேன்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே கிளப்பிப் பார்க்க வேண்டும் என்பதும், நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது என்பதும், ஆயில் மூடியின் உட்புறத்தில் பால் போன்ற படிவு இருந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஆயிலில் கலந்திருக்கக்கூடும் என்பதும் எனக்குத் தெரியும். டயரின் பக்கவாட்டில் 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது என்றும் அறிவேன்.

என் கவலை வேறு. ஓடோமீட்டர் குறைந்த தூரத்தையே காட்டுகிறது. ஆனால் படங்களில் பிரேக் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. மீட்டர் திருத்தப்பட்டிருந்தால் அதை வேறு எந்த அடையாளங்களைக் கொண்டு உறுதிப்படுத்தலாம்? வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்பதை அறிய, சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துச் சேற்றுக்கறை பார்ப்பது போதுமா, அல்லது தரைவிரிப்பையும் தூக்கிப் பார்க்க வேண்டுமா? டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைச் செலுத்தும் பாகம்), கிளட்ச் ஆகியவற்றின் தேய்மானத்தை ஓட்டிப் பார்க்கும்போது எப்படி உணர்வது? குழந்தைகள் ஏறும் வண்டி என்பதால் எதையும் ஊகத்தில் விட எனக்கு மனமில்லை. அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.